ஏரியும் ஏரிப்புள்ளும்: சேலம், நாமக்கல் சமவெளி நீர்நிலைகள் பற்றிய ஓர் ஆய்வு

தமிழகத்து நீர்ப்பாசன வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பேராறுகளையும் அரசர் பெயர் தாங்கிய பேரேரிகளையுமே எடுத்துக்கொண்டனர். கல்லணையும் வீராணமும் மதுராந்தகமும் பெற்ற இடத்தைச் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் உள்ள சிற்றேரிகளும் குட்டைகளும் பெற்றில. ஓர் ஊருக்கு ஓர் ஏரி, அவ்வேரிக்குக் கீழே சில நூறு ஏக்கர் நன்செய், அதன் கரையில் ஒரு முனியப்பன் என்ற அளவில் அமைந்துவிட்ட இவை வரலாற்றாசிரியர் கண்ணுக்குப் புலப்படாது போனதில் வியப்பில்லை. புள்ளினங்களை ஆராய்வோர் அண்மைக் காலமாக இவ்வேரிகளை நாடி வருகின்றனர். அவர்களோ இவற்றை இயற்கையின் கொடையெனக் கொண்டு, அவற்றை ஆக்கிய கையை எண்ணுவதில்லை. ஏரி வேறு, ஏரியில் வாழும் உயிர் வேறு என்று பிரித்துக் காண்பது இச்சமவெளியின் வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதும், சொல்லாராய்ச்சி செய்வார்க்கு ஏரிக்கரையில் நடத்தலும் ஒரு கருவியே என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

இந்நிலத்தின் அமைப்பை முதற்கண் நோக்குதல் வேண்டும். வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கல்வராயன் மலை, தென்கிழக்கே போதமலையும் கொல்லிமலையும், இடையே சருகுமலை போன்ற சிறு குன்றுகள். இவற்றினிடையே கிடக்கும் சமவெளியின் அடியில் இருப்பது கடும்பாறை. ஆண்டு மழை இடத்திற்கு ஏற்ப ஏறத்தாழ 70 முதல் 100 செ.மீ. வரை பெய்யும், அதுவும் சில கிழமைகளுக்குள் பெய்து தீரும். சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலம் நகரினூடே தெற்கே ஓடிக் காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாறும், ஓமலூர் வழியாகச் செல்லும் சரபங்கா நதியும், ஆத்தூர் வழியாகக் கிழக்கே ஓடி வெள்ளாற்றோடு சேரும் வசிட்ட நதியும் மழைக்காலத்து ஆறுகளே. ஓடும் நீரை நிறுத்தினாலன்றி இங்கே நெல் விளையாது, கிணறும் ஊறாது. ஆதலின் மலையடியிலிருந்து சரிவை ஒட்டி ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தன. மேலேரியின் மிகுநீர் கீழேரிக்கு வரத்தாகும். அந்த மிகுநீர் வழியை வடமாவட்டத்துக் கல்வெட்டுகளும் இலக்கியமும் கலிங்கு என்னும். இப்பக்கத்து உழவர் 'கோடி' என்பர். 'ஏரி கோடி போகிறது' என்ற செய்தி ஊரில் பரவினால் அன்று ஊரே கரைமேல் நிற்கும்.

நீர்நிலைப் பெயர்கள் பற்றிச் சிறிது கூறவேண்டும். பொய்கை என்பதற்கு மனிதர் ஆக்காத நீர்நிலை என்பது நச்சினார்க்கினியர் கொள்ளும் பொருள். கயம், இலஞ்சி, வாவி முதலிய சொற்களும் இலக்கியத்தில் பயின்று வருகின்றன. சேலம், நாமக்கல் ஊர்ப்பெயர்களையும் நிலப்பெயர்களையும் தொகுத்துப் பார்ப்பவர்க்கு இச்சொற்கள் மிக அருகியே கிடைக்கும். மிகுதியாகக் கிடைப்பவை ஏரி, குட்டை, அணை, மடுவு, சமுத்திரம் என்பனவே. ஏர்த்தொழிலுக்கு உதவுவது ஏரி என்பது மரபாகச் சொல்லப்படும் விளக்கம். அதன் சொற்பிறப்பு எவ்வாறாயினும், பாசனத்திற்கெனக் கரை கட்டித் தேக்கியது என்னும் பொருள் அச்சொல்லில் ஐயத்திற்கிடமின்றி உள்ளது. மேற்கே கோயம்புத்தூர்ப் பகுதியில் நொய்யலைச் சார்ந்த பாசன நீர்நிலை குளம் எனப்படும். தெற்கே பாண்டிநாட்டில் கண்மாய். இங்கோ குளம் என்றால் பெரும்பாலும் கோயிற்குளமே. நாமக்கல் குன்றின் அடியில் உள்ள கமலாலயக் குளம் இதற்கு எடுத்துக்காட்டு. 8ஆம் நூற்றாண்டில் அதியர் மரபினனான குணசீலன் காலத்துக் குடைவரைகள் அக்குன்றில் உள்ளன. குன்றின் கீழுள்ள நீர் வழிபாட்டுக்குரியது, ஊருக்கு வெளியே உள்ள ஏரிநீர் உழவுக்குரியது என்ற பாகுபாடு பெயரிலேயே விளங்குகின்றது. சேந்தமங்கலத்தை அடுத்த பொம்மசமுத்திரம் போலச் சமுத்திரம் என முடியும் பெயர்கள், விசயநகர ஆட்சிக்காலத்திலும் அதனைத் தொடர்ந்தும் ஏரி வெட்டியோர் இட்டு வழங்கிய பெயர்மரபைச் சார்ந்தவை. மலைமேல் உள்ள ஏற்காட்டின் பெயரையும் ஏரிக்காடு என்பதன் திரிபாகவே பலர் கொள்வர். ஊர்ப்பெயர்களில் வரலாறு உறைந்து கிடப்பதை ரா. பி. சேதுப்பிள்ளை 'ஊரும் பேரும்' என்னும் நூலில் காட்டினார். அவ்வழியில் இவ்விரு மாவட்டப் பெயர்களை முழுமையாக ஆராயும் பணி முதுகலை மாணவர் ஒருவர் மேற்கொள்ளத்தக்கது. சேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் இராசவாய்க்கால் 17ஆம் நூற்றாண்டில் பரமத்திப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்தது. அதனைச் சார்ந்த வாய்க்கால்களுள் ஒன்றன் பெயர் பொய்யேரி. ஏரி போன்று தோன்றி ஏரி ஆகாமையால் வந்த பெயரா, பொய்கையின் தொடர்பு உடையதா என்பது ஆராய்தற்குரியது.

ஏரி என்பது நீர் மட்டும் அன்று என்பதைக் காரியாசான் நன்கு அறிந்திருந்தார். சிறுபஞ்சமூலத்துள் ஒரு பாட்டு, துறக்கம் புகுவான் செய்யும் ஐந்து செயல்களைக் கூறுங்கால் குளம் தோண்டுவதோடு நில்லாமல், அதனைச் சூழக் கோடு பதித்தலையும், வழி செப்பஞ் செய்தலையும், வயல் ஆக்குதலையும், கிணறு அமைத்தலையும் சேர்த்து எண்ணுகின்றது. கோடு என்பதற்கு மரக்கிளை என்று பொருள் கொண்டு, கரையைச் சுற்றிக் கிளைகளை நட்டு வளர்த்தல் என விளக்குவர். கோடு என்னும் சொல் கரைப்பொருளிலும் வரும் என்பது 523ஆம் குறளால் விளங்கும். இரண்டு பொருளும் ஒன்றை ஒன்று தழுவியே நிற்கின்றன என்று கொள்ளலாம். மண்கரையை மரவேர் பிணித்தாலன்றிக் கரை நில்லாது. நம் ஆய்வுக்கு இன்றியமையாதது, குளம் அமைத்தலோடு வழி செப்பமிடுதலும் ஒருங்கே எண்ணப்பட்டது என்பதே. சேலம், நாமக்கல் ஊர்களில் இன்றும் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்லும் பழைய ஒற்றையடிப் பாதை பலவிடங்களில் ஏரிக்கரைமேல் செல்வதைக் காணலாம். பனையும் புளியும் கருவேலும் ஆலும் நிற்கும் கரை அது. ஒருபுறம் நீர், மறுபுறம் வயல். ஓய்வாக உலவுவதற்கென எவரும் அதனை அமைக்கவில்லை. ஆனால் வயலுக்குச் செல்வோரும், கால்நடை ஓட்டுவோரும், சந்தைக்குச் செல்வோரும் நாள்தோறும் நடந்த அந்நடையே கரைக்குக் காவலாயிற்று. நண்டு துளைத்த இடமும் எலி குடைந்த இடமும் நடப்பவன் கண்ணிற்படும். பட்டால் ஊர் அறியும்.

காவலுக்கு முறையான அமைப்பும் இருந்தது. பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுதல் யாவரும் அறிந்தது. ஏரியைத் தூர்வாரவும் கரையை உயர்த்தவும் ஒதுக்கப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப் பெயர் பெற்றது. அத்துணைப் பெரிய சபை இங்கு இருந்ததாகக் கொள்ள வேண்டுவதில்லை. சிற்றூரில் மடை திறக்கவும் முறைவைத்து நீர் பாய்ச்சவும் நீர்க்கட்டி என்னும் ஊழியன் இருந்தான். அவனுக்குக் களத்தில் நெல் அளக்கப்பட்டது. கோடையில் ஏரி வற்றியதும் உழவர் வண்டல் அள்ளித் தம் நிலத்திற்கு எருவாக இட்டனர். தூர்வாருதல் என்று தனியே ஒரு வேலை இல்லாமலே தூர் குறைந்தது. கடைசி நீரில் ஊரே இறங்கி மீன் பிடித்தது. கெண்டை, விரால், கெளுத்தி, அயிரை என அம்மீன்களுக்கெல்லாம் தமிழ்ப்பெயர் உண்டு. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டு மீனுக்கு நம் மக்கள் ஜிலேபிக் கெண்டை என்று இனிப்பான பெயரிட்டனர். அது நாட்டு மீன்களுக்கு இனிப்பாக அமையவில்லை.

இனி ஏரிப்புள்ளின் பெயர்களுக்கு வருவோம். இவற்றுட் பல நிகண்டிலிருந்து வந்தவை அல்ல. கரையில் நின்று பார்த்தவன் இட்டவை. நீருள் முழுகி வேறோரிடத்தில் எழும் சிறுபுள் முக்குளிப்பான். கரிய உடலும் நெற்றியில் வெண்ணிற இடுகுறியும் உடையது நாமக்கோழி. தாமரையிலைமேல் நீண்ட விரல் பரப்பி நடப்பது இலைக்கோழி. வளைந்த அலகுடையது அரிவாள் மூக்கன். அகன்ற அலகுடையது கரண்டிவாயன். நத்தையைக் குத்தித் தின்னும் நாரை நத்தைக்குத்தி. கழுத்தை மட்டும் நீருக்கு மேலே நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. உழவன் வீட்டுக் கருவியும் அவன் கண்ட காட்சியுமே இங்குப் பெயராயின.

இவற்றுள் மடையான் என்னும் பெயர் சற்று நின்று ஆராயத்தக்கது. இது கொக்கினத்தில் சிறியது. மண்நிறம் கொண்டு கரையோடு கரையாக அசையாது நிற்கும். ஆள் மிக அண்மையில் சென்ற பின்னரே திடீரென வெள்ளைச் சிறகு விரித்துப் பறக்கும். இதனால் இதற்குக் கண் தெரியாது என்று எண்ணிக் குருட்டுக்கொக்கு என்றும் வழங்கினர். இக்கருத்தைப் பற்றிக்கொண்டு மடையான் என்பதை மடமையோடு இயைப்பது எளிது. ஆனால் மடையில் நீர் பாயும்போது மீனும் தவளையும் அவ்வழியே வருதலின் இப்பறவை அவ்விடத்தை விட்டு அகலாது. தென்மாவட்டங்களில் மடை திறக்கும் ஊழியன் மடையன் எனப்பட்டான் என்பதையும் சேர்த்து எண்ணினால், மடையைக் காத்து நிற்கும் இருவர்க்கும் ஒரே பெயர் அமைந்தது என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. பின்னாளில் அறிவிலியைக் குறிக்கும் மடையன் என்ற வசைச்சொல் ஒலி ஒப்புமையால் இவ்விரண்டின் சிறப்பையும் மறைத்துவிட்டது போலும்.

சங்க இலக்கியப் புட்களை இன்னது இன்னதென வரையறுப்பதற்கும் இவ்வேரிக்கரை துணைபுரியும். பி. எல். சாமி 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூலால் இத்துறைக்கு வழி வகுத்தார். குறுந்தொகை 350ஆம் பாட்டில் ஆலத்தூர்கிழார் கணந்துள் என்னும் பறவையைக் குறிக்கின்றார். நீண்ட கால்களை உடையது. வழியின் பக்கத்தே இருப்பது. ஆள் உண்மையை அறிவித்து வழிச்செல்வோரை விலகச் செய்வது என்பன அப்பாட்டால் பெறப்படும் இயல்புகள். கால் நீட்சி ஒன்றையே கொண்டு நோக்கினால், ஏரியின் ஆழமற்ற நீரில் சிவந்த கோல்போன்ற கால்களுடன் நடக்கும் பவழக்காலியை நினைக்கத் தோன்றும். ஆயின் அது நீரை விட்டு நீங்காத புள். மலைசார்ந்த காட்டு வழியில் அதற்கு வேலை இல்லை. ஆட்காட்டி என்று இன்று வழங்கும் பறவையே இம்மூன்று இயல்புகளும் பொருந்துவது. அதிலும் இருவகை உண்டு. கண்ணருகே சிவந்த தசை உடையது ஏரிக்கரையையும் வயலையும் விரும்பும். மஞ்சள் நிறத் தசை தொங்குவது நீரில்லாத பொட்டலிலும் கரம்பிலும் வாழும். பாலைவழிப் பாட்டிற்கு இரண்டாவது வகை மிகவும் ஏற்புடையது. கரைமேல் நடப்பவனைக் கண்டதும் எழுந்து சுற்றிச் சுற்றி வந்து இடையறாது கத்தும் அப்பறவையின் குரலைக் கேட்டவர், ஆளைக் காட்டுவது என்ற இன்றைய பெயரும் புலவர் கூறிய செயலும் ஒன்றே என்பதை உணர்வர். கணந்துள் என்னும் சொல் வழக்கிறந்தது. அதன் பொருள் ஆட்காட்டி என்னும் பெயரில் இருக்கின்றது. 'ஒருவகைப் பறவை' என்று உரையெழுதி அமைந்துவிடும் இடங்கள் நம் உரைநூல்களில் பல. அவற்றுள் எத்தனை ஐயங்கள் நூலகத்தில் தீரா என்பதை இச்சொல் காட்டும்.

புள்ளும் வயலும் தம்முள் தொடர்புடையன என்பதை ஊரார் அறிந்தமைக்கு வேடந்தாங்கல் சிறந்த சான்று. தாங்கல் என்பதே தொண்டை நாட்டில் சிறு ஏரிக்குப் பெயர். அங்கே பறவைகளின் எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரமாதலின் ஊரார் வேட்டையைத் தடுத்தனர். 1798 அளவில் செங்கற்பட்டு ஆட்சித்தலைவர் லயனல் பிளேசிடம் உறுதிச்சீட்டும் பெற்றனர். ஈரோட்டுப் பக்கத்து வெள்ளோடு ஏரி பறவைகள் காப்பிடமாக்கப்பட்டு, 2022இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. நாமக்கல்லை அடுத்த தூசூர் ஏரி போன்றவற்றுக்கு அத்தகைய பெயர் இல்லை. எனினும் மழை பொய்க்காத ஆண்டில் ஐப்பசி முதல் மாசி வரை வடபுலத்து வாத்துகளையும் உள்ளான்களையும் இத்தகைய ஏரிகளில் காணலாம்.

இவ்வமைப்பு எப்போது குலைந்தது? ஒரே ஆண்டைச் சுட்டிக் கூறுவதற்கில்லை. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து இப்பகுதி கும்பினியார் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவர்க்குத் துணையாயிருந்த தாமசு மன்றோவும் நிலத்தை அளந்து ஒவ்வோர் உழவன்மேலும் தீர்வை விதித்தனர். ஊர்ப்பொதுவிலிருந்து ஏரிக்கென ஒதுக்கிய பங்கு படிப்படியாக அரசிறைக் கணக்கில் மறைந்தது. மராமத்து மட்டும் குடிகளின் கடமை எனப்பட்டது. 1858ஆம் ஆண்டுச் சட்டம் அக்கடமையைக் கட்டாயமாக்கிற்று. வருவாய் ஓரிடத்திலும் உழைப்பு ஓரிடத்திலும் ஆனபின் குடிமராமத்து பெயரளவில் நின்றதில் புதுமை என்னை? 1876–78 பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட அழிவு பெரிது. 1871இல் ஏறத்தாழ 19.7 இலட்சமாக இருந்த மக்கள் தொகை 1881இல் 16 இலட்சமாகக் குறைந்தது. ஏரிகள் இருந்தும் மழையில்லாத ஆண்டில் அவை உதவவில்லை என்பது உண்மை. கிணற்றின் மீது உழவர்க்கு நம்பிக்கை வளர்ந்ததும் இயல்பே. பின்னர் மின்பொறியும் ஆழ்துளைக் கிணறும் வந்தன. தனக்கெனக் கிணறு உடையவன் பொது மடைக்குக் காவல் நிற்பானா? ஏரி நிறைந்தால்தான் அவன் கிணறும் ஊறும் என்பது பின்னரே நினைவுக்கு வந்தது.

காவிரிக்குக் குறுக்கே 1934இல் நிறைவெய்திய மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில் இருந்தும், அதன் 93.47 டி.எம்.சி. நீர் பெரும்பாலும் தஞ்சைக்கே உரியதாயிற்று. 1955இல் திறந்த கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களால் ஏறத்தாழ 45,000 ஏக்கர் பயன்பெற்றது. சேலம் நகரின் குடிநீருக்கென 1911இல் சருகுமலை அடிவாரத்தில் அமைத்த பனமரத்துப்பட்டி ஏரியோ, நகருக்கு மேட்டூர் நீர் கிடைத்தபின் கவனிப்பாரற்றுப் பலகாலம் வறண்டு சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் குறைந்த ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்திற்கும் பெரியவை பொதுப்பணித்துறைக்கும் எனப் பிரிக்கப்பட்டபின், ஏரி யாருடையது என்ற வினாவுக்கு ஏட்டில் விடை கிடைத்தது, கரையில் கிடைக்கவில்லை.

அண்மைக் கால முயற்சிகளைக் கூறாது விடுதல் முறையன்று. 2010இல் சேலம் கன்னங்குறிச்சியை அடுத்த மூக்கனேரியை நகரத்துக் குடிமக்கள் பொருள் திரட்டித் தூர்வாரினர். அள்ளிய மண்ணைக் கொண்டே ஏரியுள் சிறு தீவுகளை அமைத்து மரம் நட்டனர்; கொக்கும் நீர்க்காகமும் அடையும் இடமாக அவை ஆயின. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயரை மீண்டும் வழங்கத் தொடங்கிற்று. மேட்டூர் உபரிநீரை இறைத்துச் சரபங்கா வடிநிலத்தில் 100 வறண்ட ஏரிகளுக்கு அனுப்பும் 565 கோடி ரூபாய்த் திட்டத்தின் முதற்பகுதி 2021இல் தொடங்கப்பெற்றது. இவை பாராட்டத்தக்கன. ஆனால் தூர்வாருதல் என்ற பெயரில் ஏரியைக் கிண்ணம்போல் ஒரே ஆழமாகத் தோண்டுவதும், கரைச்சரிவைக் கல்பதித்துச் செங்குத்தாக்குவதும் ஏரியின் இயல்பை அறியாத செயல்கள் என்பது எம் கருத்து. உள்ளானுக்கு ஈரச்சேறு வேண்டும்; மடையானுக்குக் கணுக்கால் அளவு நீர்; கரண்டிவாயனுக்கு முழங்கால் அளவு; முக்குளிப்பானுக்கும் நாமக்கோழிக்கும் அதனினும் ஆழம். மலைப்பக்கம் ஆழமற்றுத் தொடங்கிக் கரைப்பக்கம் ஆழ்ந்து முடியும் பழைய ஏரியில் இவை அனைத்தும் ஒருங்கே அமைந்தன. வண்டலை மேலாக அள்ளிய உழவன் அச்சரிவைக் கெடுக்கவில்லை. இயந்திரம் சில நாளில் கெடுத்துவிடுகின்றது. நகர்ப்புற ஏரிகளில் நடைப்பயிற்சிக்கென இடும் சிமெண்டுத் தளமும் விளக்குக் கம்பமும் பற்றியும் இவ்வாறே கூறவேண்டும். நடப்போர் பெருகினர் என்பது நன்று. கரையைப் பார்த்து நடப்போர் அவருள் சிலரே.

பருவம் பற்றியும் ஒன்று குறித்தல் வேண்டும். ஏரி வற்றிய பங்குனி முதல் ஆனி வரையில்தான் தூர்வாரும் பணி பெரும்பாலும் நடைபெறும். ஆட்காட்டி முட்டையிடும் பருவமும் அதுவே. அது கூடு கட்டுவதில்லை. வெடித்த ஏரிப்படுகையிலும் கரம்பிலும் சிறு பள்ளம் ஒன்றில், சுற்றிலும் கிடக்கும் கூழாங்கல்லின் நிறத்திலேயே பெரும்பாலும் நான்கு முட்டைகளை இட்டுவிட்டு, ஆள் வரும்போது எழுந்து கத்தும்.